மெஷினுக்குக் கொடுத்த குரல்

அரியலூரில் நான் வேலை பார்த்த சிமெண்டு ஆலையில் என் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர்கள் கிடையாது. கேண்டீன் வரிசையில் நின்று "ஒரு டீ குடுங்க" என்று கேட்டால் முன்னால் நிற்பவர் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்.

"அட, எக்ஸ்சேஞ்சு அம்மாவா? இம்புட்டுச் சின்னப் பொண்ணா இருப்பீங்கன்னு நெனைக்கவே இல்லைங்க."

போனில் என் குரல் நாலு பிள்ளை பெற்றவள் குரல் மாதிரி இருக்குமாம். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

எக்ஸ்சேஞ்சு என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீசுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேசையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு போர்டு. வரிசை வரிசையாகக் குட்டி விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சாவி, அதாவது தள்ளுகிற சுவிட்சு. விளக்கு எரிந்தால் அந்த இடத்திலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். சாவியைத் தள்ளி, யார் வேண்டும் என்று கேட்டு, இணைத்துவிட வேண்டும். செல்போன் வராத காலம். வெளியிலிருந்து வருகிற போன், ஆலைக்குள்ளேயே ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொரு செக்‌ஷனுக்குப் பேசுகிற போன் எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். ஆலை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. வேப்பமரம்கூட வெள்ளையாகத்தான் நிற்கும். எங்கள் அறையில் மட்டும் ஏசி இருந்தது. அது போர்டுக்காகப் போட்டது. வெயில் காலத்தில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பெரிய ஆபீசர்கள்கூட எங்கள் அறைக்கு வந்து நின்றுவிட்டுப் போவார்கள்.

நாங்கள் இரண்டு பேர், காலையில் ஒருத்தி, மதியத்துக்கு மேல் ஒருத்தி. ராத்திரியில் டைம் ஆபீஸ்காரர் பார்த்துக்கொள்வார். என்னோடு வேலை பார்த்தவள் வரதராசன்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். அவள் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் எல்லாருமே பள்ளிக்கூட வாத்தியார்கள். "எங்க வூட்டுல சோறு திங்கறப்பகூடப் பாடம் நடக்கும் புள்ள, அதான் தப்பிச்சு இங்க ஓடியாந்துட்டேன்" என்பாள். ஷிப்டு மாறுகிற நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். ஒருத்தி சாப்பிட, ஒருத்தி சாவியைத் தள்ள, அப்புறம் இடம் மாறிக்கொள்வோம். இன்றைக்கும் யாராவது வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசினால் எனக்கு அவள் ஞாபகம்தான் வரும். சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கேட்கிறவருக்குத் துளியும் தெரியாமல், "வணக்கம், சொல்லுங்க சார்" என்பாள்.

என்னென்ன போன் வரும் என்கிறீர்கள்! சென்னை ஆபீசிலிருந்து வரும். சுரங்கத்திலிருந்து, "மத்தியானம் வெடி வைக்கப்போறோம், எல்லாருக்கும் சொல்லிருங்க" என்று வரும். ஆலைக் குடியிருப்பான குவார்ட்டர்ஸில், மன்றத்தில் இருந்த பொது போனிலிருந்து பெண்கள் பேசுவார்கள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு மில்லுல இருப்பாரு. வரும்போது நல்லெண்ணெய் வாங்கியாரச் சொல்லுங்க."

"இணைப்புக் குடுக்கறேன், நீங்களே சொல்லுங்களேன்."

"வேணாங்க்கா. காலையில சண்டை. நீங்களே சொல்லிருங்க."

நானும் சிமெண்டு அரைக்கிற மில்லுக்குப் போட்டு, நல்லெண்ணெய்ச் செய்தியைச் சொல்வேன். அந்தப் பக்கம் அவர் குரலைத் தணித்துக்கொள்வார். பிறகு, "கோவம் போயிடுச்சாமா?" என்று கேட்பார். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் கல்யாணமும் கொஞ்சம் அந்தப் போர்டு வழியாக வந்ததுதான். வீட்டில் பார்த்த வரன்தான், ஜாதகம் எல்லாம் பார்த்து வந்தது. பெரம்பலூரைத் தாண்டி, சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அதே ஆலையில் இன்ஸ்ட்ருமெண்ட் செக்‌ஷன் என்பது எனக்குத் தெரியும். ஆளைப் பார்த்தது கிடையாது. வாசலில் நின்று நான் "வாங்க" என்று சொன்னதுதான் தாமதம், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பப் போட்டாலும் லைன் பிஸின்னு சொல்றது நீங்கதானே?" என்றார்.

வந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த மாதமே தேதி குறித்துவிட்டார்கள்.

அவருக்கு மெஷின் என்றால் உயிர். சூட்டை அளக்கிறது, காற்றின் அழுத்தத்தை அளக்கிறது, அளந்த கணக்கைக் கொண்டுபோய் ஒரு முள்ளில் காட்டுகிறது, இதுதான் அவர் செக்‌ஷன் வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார். மேலே தொட்டி நிரம்பினால் மணி அடிக்கிற மாதிரி ஒன்று செய்து மாட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் எங்கள் வரிசை முழுக்கக் காலையில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. எந்த வீட்டு மணி என்று தெரியாமல் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள்.

அந்த விளையாட்டெல்லாம் ஒரு நாள் மத்தியானத்தோடு மாறிப்போனது.

நான்தான் போர்டில் இருந்தேன். கிரஷர் விளக்கு எரிந்தது. சுரங்கத்திலிருந்து வருகிற கல்லை உடைக்கிற இடம் அது. உடைத்த கல் அங்கிருந்து நீளமான ரப்பர் பெல்ட்டில் ஏறி ஆலைக்குள் வரும். சாவியைத் தள்ளினேன். வணக்கம் சொல்வதற்குள் ஒரு குரல் கத்தியது.

"பெல்ட்ட நிறுத்தச் சொல்லுங்க! ஆளு மாட்டிக்கிட்டான்! நிறுத்தச் சொல்லுங்கம்மா!"

பெல்ட்டை நிறுத்துகிற சுவிட்சு அங்கே இல்லை, தூரத்தில் பேனல் ரூமில் இருந்தது. பெல்ட் ஓரத்தில் இழுத்தால் நிற்கிற மாதிரி ஒரு கயிறு முன்பு இருந்திருக்கிறது. அது அறுந்துபோய், யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். பேனல் ரூமுக்குப் போட்டேன். லைன் பிஸி. ஸ்டோர்ஸிலிருந்து யாரோ ஏதோ சாமான் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் புகுந்தேன். அப்படிப் புகக் கூடாது என்பது எங்களுக்கு விதி.

"கிரஷர் பெல்ட்ட நிறுத்துங்க, ஆளு மாட்டிக்கிட்டாங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன்.

பேனல் ரூமில் அந்த நேரம் நின்றுகொண்டிருந்தவர் என் கணவர். என் குரல் அப்படி உடைந்து அவர் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்தவரைத் தள்ளிவிட்டு அவரே பட்டனை அடித்தார். பெல்ட் நின்றது. கத்தின வாயிலிருந்து என் காதுக்கு வந்து, என் வாயிலிருந்து அவர் காதுக்குப் போய், பட்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெல்ட் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மாட்டினவர் பெல்ட் பார்க்கிற தொழிலாளி. அடியில் சிந்தின கல்லை அள்ளும்போது சட்டைக் கை உருளையில் சிக்கியிருக்கிறது. ஆம்புலன்சுக்கு, முதலுதவிக்கு, அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசியாக ஒரு போன் மீதி இருந்தது. அதை நான்தான் பண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மேலே இருந்து யாரும் பண்ணவும் இல்லை. குவார்ட்டர்ஸ் மன்றத்துக்குப் போட்டு, அவர் மனைவியைக் கூட்டி வரச் சொன்னேன். அந்தப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்து போனை எடுத்தாள். ஊரிலிருந்து தம்பி பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக "அலோ" என்றாள்.

"நான் எக்ஸ்சேஞ்சுலேர்ந்து பேசறேம்மா. உங்க வூட்டுக்காரருக்குக் கையில அடி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வண்டி வரும், நீங்களும் கெளம்புங்க."

"எந்தக் கையி?"

"வலது கை."

அப்புறம், "உசுரோட இருக்காராக்கா? நீங்க சொன்னா நான் நம்புறேன்" என்றாள்.

"இருக்காரும்மா" என்றேன். அப்போது எனக்கும் அது சரியாகத் தெரியாது. நல்லவேளை, அவர் பிழைத்துவிட்டார். வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. ஆலையில் அவருக்கு மெயின் கேட்டில் உட்கார்கிற வேலை கொடுத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் என் கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தட்டில் சோறு வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு கயிறு இருந்திருந்தாப் போதும்மா. அவன் பக்கத்துல இருந்தவன் இழுத்திருப்பான். உன் வாய்க்கு வேலையே இல்ல, என் கைக்கு வேலையே இல்ல."

"சாப்புடுங்க."

"மனுசன் சொல்லி மனுசன் கேட்டு நிறுத்தறதுன்னா இப்படித்தான் ஆகும். பெல்ட்டுக்கே தெரியணும், ஆளு சிக்கிட்டான்னு. தானா நிக்கணும்."

அன்றையிலிருந்து அவருக்கு மெஷின் விளையாட்டுச் சாமானாக இல்லை. மேலதிகாரிகளோடு சண்டை போட்டு எல்லா பெல்ட்டுக்கும் கயிறு போட வைத்தார். சில வருஷங்களில் ஆலை பெரிதாகி, புதிய லைன் வந்தது. கம்ப்யூட்டர் வைத்த கண்ட்ரோல் ரூம் வந்தது. பயிற்சிக்கு அனுப்பின முதல் ஆட்களில் அவரும் ஒருவர். பெல்ட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் எதையாவது மாட்டினார்கள். பெல்ட் ஒரு விரல் அளவு விலகினாலும், உருளை சுற்றாமல் நின்றாலும் தானாக நின்றுவிடும். அதற்கு அப்புறம் நான் அந்த ஆலையில் இருந்த வரைக்கும் பெல்ட்டில் யாரும் கையைப் பறிகொடுக்கவில்லை. அந்த மாதிரி ஒரு போனை நான் இன்னொரு தடவை பண்ண வேண்டியிருக்கவில்லை. இந்த விஷயத்தில் மெஷினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே மெஷின் மூட்டை போடுகிற இடத்துக்கும் வந்தது. முன்பெல்லாம் பேக்கிங் செக்‌ஷனிலிருந்து வருகிற ஆட்களைப் பார்த்தால் மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருப்பார்கள். கண் மட்டும்தான் தெரியும். ராகம் போட்டு எண்ணிக்கொண்டே லாரியில் மூட்டை அடுக்குவார்கள். அந்தச் சத்தம் போனில் பின்னால் கேட்டால் பேக்கிங்தான் என்று விளக்கைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். தானாக நிரப்பி, தானாக லாரியில் அடுக்குகிற மெஷின் வந்த பிறகு தூசி குறைந்தது. உள்ளே இருந்த கொஞ்சம் பேருக்கு இருமல் நின்றது. மீதிப் பேர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். காண்டிராக்டு ஆட்கள். ஒவ்வொருத்தராக வேறு ஊருக்கு, கட்டட வேலைக்கு, திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

கேட்டுக்கு எதிரே வரிசையாக இருந்த டீக்கடைகளில் ஒன்றிரண்டுதான் மிஞ்சின. ஒருநாள் ஷிப்டு முடிந்து நானும் அவரும் அங்கே டீ குடிக்கப் போனோம். கடைக்காரம்மா கிளாசைக் கழுவிக்கொண்டே அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாம் நல்லாத்தான் பண்றீங்க சார். ஆனா உங்க மெஷினு டீ குடிக்காதே சார்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் பூட்டிக் கிடந்த கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கும் முறை வந்தது. அதை முதலில் எனக்குச் சொன்னதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் இரண்டு வெங்காயம் எடுத்து உரித்தார். என்றைக்கும் இல்லாத வழக்கம் என்று அப்போதே நினைத்தேன்.

"புது போன் சிஸ்டம் வருது. ஆட்டோமேடிக். கூப்பிடறவங்களே நம்பரை அழுத்தி வேண்டிய எடத்துக்குப் போயிடலாம்."

"சரி."

"ஆபரேட்டர் வேண்டியதில்ல."

"யாரு போடறது?"

"எங்க செக்‌ஷன்தான். நான்தான்."

வெங்காயம் உரிக்கிற வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்ள யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "உனக்கு வேலை போகாது, வேற எடத்துல போடுவாங்க, பேசிட்டேன்" என்றார். "அவளுக்கு?" என்றேன். அவளுக்கும்தான் என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் என்ன சொல்லிக் கோபப்படுவது? அந்த மத்தியானம் நானும்தானே போர்டில் இருந்தேன். அவர் எதனால் இப்படி ஆனார் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யார்?

மறுநாள் அவளிடம் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"மாதாவே! கட்டினவரே நம்ம போர்டைப் புடுங்குறாரா புள்ள?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, எங்கப்பாவுக்குச் சந்தோசமா இருக்கும். பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்துட்டாளேன்னு" என்றாள். அவளுக்கு ஸ்டோர்ஸில் இடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்விட்டாள். எனக்கு லாரி எடைபோடுகிற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை.

அவள் போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. புதிய சிஸ்டத்துக்குக் குரல் வேண்டும். கம்பெனிக்காரன் ஏற்கெனவே ஒரு குரல் போட்டுத்தான் அனுப்பியிருந்தான். அது எந்த ஊர்த் தமிழ் என்றே தெரியவில்லை. 'அரியலூர்' என்பதையே தப்பாகச் சொன்னது. மேனேஜர், "நம்ம எக்ஸ்சேஞ்சு அம்மாக்களே பேசட்டும், எல்லாருக்கும் பழகின குரல்" என்றுவிட்டார். கெஸ்ட் ஹவுஸில் ஒரு அறையைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். தமிழ் நான், இங்கிலீஷ் அவள். என் கணவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது.

"வணக்கம். தமிழில் தொடர ஒன்றை அழுத்தவும்."

"இன்னொரு தடவை. கடைசியில சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"சிரிக்கலையே."

"சிரிச்சே."

ஜன்னலுக்கு வெளியே காக்கா கத்தினது. மறுபடியும். அவள் "ஸ்டோர்ஸ்" என்று சொல்லும்போது தும்மினாள். மறுபடியும். ஒரு கட்டத்தில் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்து அடக்க முடியாமல், மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவு நாள் ஒருத்தி மாற்றி ஒருத்தி அந்த போர்டில் உட்கார்ந்தோமே தவிர, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பேசினது அன்றைக்குத்தான். அவள் போன பிறகு, எடைமேடை ரூமில் வேலை இல்லாத நேரத்தில் எக்ஸ்சேஞ்சு நம்பருக்குப் போட்டு, இங்கிலீஷுக்கான இரண்டை அழுத்துவேன். அவள் இங்கிலீஷில் வணக்கம் சொல்வாள். முழுசாகக் கேட்டுவிட்டு வைப்பேன்.

புதிய சிஸ்டத்தால் நல்லது நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். லைன் பிஸி என்ற பேச்சே போய்விட்டது. ராத்திரி ஷிப்டில் டைம் ஆபீஸ்காரரின் தூக்கத்தைக் கெடுக்காமல் செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் நேராகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் காதில் விழாமல் பேச வேண்டியவர்களுக்கும் வசதிதான்.

ஒருநாள் மத்தியானம் மெயின் கேட்டிலிருந்து எடைமேடைக்கு போன். கேட்டில் உட்கார்ந்திருந்தவர், அந்த ஒற்றைக் கைக்காரர்தான்.

"அக்கா, ஒரு பெரியவரு வந்து ஒரே சத்தம். எக்ஸ்சேஞ்சு பாப்பாவப் பார்க்காமப் போவமாட்டேங்கறாரு. கொஞ்சம் வாங்களேன்."

போனேன். கீழப்பழுவூர்ப் பக்கத்துப் பெரியவர். முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். அவர் மகனுக்குச் சூளையில் கல்லைச் சுட்டெடுக்கிற கிளிங்கர் செக்‌ஷனில் வேலை. பல வருஷமாகப் பஸ் ஸ்டாண்டு போன் பூத்திலிருந்து கூப்பிட்டு, "பாப்பா, அவனை வரச் சொல்லு" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். நான் சொல்லிவிடுவேன். இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து நின்றார். "நான்தாங்கய்யா எக்ஸ்சேஞ்சுல இருந்தவ" என்றேன். குரலைக் கேட்டதும் சத்தத்தை நிறுத்தினார்.

"ஏன் பாப்பா, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தாங்கய்யா இருக்கேன். ஏன்?"

"நான் பேசப் பேச, நீ பாட்டுக்குச் சொன்னதையே சொல்லிட்டு இருக்கியே. அவ மயங்கி விழுந்துட்டா, அவனை வரச் சொல்லுன்னு நானும் தொண்டை கிழியக் கத்தறேன். ஒண்ணை அழுத்து, மூணை அழுத்துங்கற. கொஞ்சங்கூடப் பதறல. எனக்குப் பயமாப் போச்சு. இந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு, இல்லாட்டி இப்படிப் பேசாதேன்னு நெனைச்சேன்."

அவர் மனைவியை அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பூத்திலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறார். பூத்துக்காரப் பையனும் எதை அழுத்துவது என்று தெரியாமல் விட்டுவிட்டான். கடைசியில் பஸ் ஏறி கேட்டுக்கே வந்துவிட்டார். மகனைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். தூரத்திலிருந்தே அப்பாவைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை ஓடி வந்தான். கேட்டில் இருந்தவர் தன் சைக்கிளைக் கொடுத்து, "பஸ்ஸுக்கு நிக்காத, என் வண்டிய எடுத்துட்டுப் போ" என்றார். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் ஒரு அரை நாள் அந்த மனிதர் என் குரலோடு தனியாகச் சண்டை போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று வார்த்தை மாறாமல் திரும்பக் கேட்டார்.

"பதறலன்னாரா?"

"ஆமாங்க. அதனாலதான் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனைச்சாராம்."

அடுத்த நாள் வேலைக்குப் போய், சிஸ்டத்தில் ஒரு மாற்றம் செய்தார். எதையும் அழுத்தாமல் யாராவது லைனில் இருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த அழைப்பு ஆள் இருக்கிற ஒரு போனுக்குப் போய்விடும். எந்த போனுக்கு என்று மேனேஜர் கேட்டாராம். எடைமேடைக்கு என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் நான் லாரிக்கு எடை போட்டுக்கொண்டே பாதி எக்ஸ்சேஞ்சு வேலையும் பார்த்தேன். எதையும் அழுத்தத் தெரியாதவர்கள், அழுத்த மனசில்லாதவர்கள், பதற்றத்தில் இருப்பவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். அந்த வருஷங்களில்தான் எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது.

எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு அதுவும் தேய்ந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றோம். இப்போது எங்கள் ஊரில், அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலத்தில், மக்காச்சோளமும் வெங்காயமும் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் கை சும்மா இருக்காது. போர்வெல் மோட்டாருக்கு, போனிலிருந்தே போட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார். கரண்டு எந்த நேரம் வரும் என்று தெரியாத ஊர். மழையில், இருட்டில், பூச்சி பொட்டுக்கு நடுவில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர்க் கோயிலில் வரிசையில் நின்றுகொண்டே அவர் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். முன்பு மோட்டார்க் கொட்டகையில் பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் கரண்டுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவார்கள். இப்போது அங்கே யாரும் வருவதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்தில் ஒரு சின்னப் பெண் தனியாக விவசாயம் பார்க்கிறாள். கணவன் சிங்கப்பூரில் கட்டட வேலை. போன தடவை அவன் லீவில் வந்தபோது, அவர்கள் மோட்டாருக்கும் என் கணவரே ஸ்டார்ட்டர் மாட்டிக் கொடுத்தார். அவன் அங்கிருந்தே போனில் மோட்டார் போடலாம். ஒருநாள் காலை, நான் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மடை பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். சுவிட்சுப் பெட்டி அவளுக்குக் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"ஏம்மா, அங்க இருந்து அவன் போடணுமா? நீயே ஒரு தட்டுத் தட்டினா ஓடாதா?" என்றேன்.

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஓடுங்க்கா. ஆனா அவரு போடட்டும்."

கொஞ்ச நேரத்தில் மோட்டார் உறுமியது. குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் தண்ணீர் விழுந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

"வந்துடுச்சுங்க" என்று போனில் சொன்னாள். அப்புறம், தண்ணீர் எந்தப் பாத்தி வரைக்கும் போகிறது என்று ஒவ்வொன்றாக அவனுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.